பதினொரு மணிக்குக் காலி செய்ய வேண்டும்

1

இந்தக் கதை நான் சொன்ன ஒரு உண்மையிலிருந்து பிறந்தது. ஜூன் பதினான்காம் தேதி காலை, லிஸ்பனில் ஒரு குறுகலான மாடிப்படியில், துவைக்க வேண்டிய படுக்கை விரிப்புகளைக் கையில் சுருட்டிப் பிடித்தபடி அதைச் சொன்னேன். சின்ன வாக்கியம். துளியும் பொய் இல்லை. அன்றிலிருந்து அதைத் திரும்ப வாங்கிக்கொள்ள வழி தேடுகிறேன். பேசியதைத் திரும்ப வாங்க முடியாது, எழுதியதை அடிக்கலாம். நான் எழுத உட்கார்ந்ததற்கு இதைவிட உயர்ந்த காரணம் எதுவும் இல்லை.

என் வேலையையும் சொல்லிவிடுகிறேன். அல்ஃபாமா பகுதியில் சுற்றுலாப் பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விடும் ஒன்பது வீடுகளின் சாவிகள் என்னிடம் இருக்கின்றன. வருகிறவர்களுக்குக் கதவைத் திறந்துவிடுவேன். போனபின் பெருக்கித் துடைத்து, அடுத்தவர்களுக்காகத் தலையணையைத் தட்டி வைப்பேன். பதினைந்து வயதில் அப்பாவோடு இந்த ஊருக்கு வந்தவள். அதற்கும் முன்பே வந்திருக்கிறேன், மதுரையில் எங்கள் வார்டு நூலகத்தில் இருந்த அட்டை கிழிந்த மொழிபெயர்ப்பு நாவல்கள் வழியாக. அந்த நாவல்களின் ஊரில் எப்போதும் மழை பெய்யும். டிராம் மணி அடிக்கும். மேலங்கி அணிந்த ஒருவர் யாருக்கோ கடிதம் எழுதிக் கிழித்துப் போடுவார். பத்து வருடமாக நான் டிராமில்தான் வேலைக்குப் போகிறேன். அந்த ஊர் இன்னும் வந்து சேரவில்லை.

2

முதல் தொடக்கம்: "ஏழு குன்றுகளின் நகரமான லிஸ்பனில் ஜூன் மாதம் வந்துவிட்டால், புனித அந்தோனியார் திருவிழாவை முன்னிட்டுத் தெருவெங்கும் மத்தி மீன் சுடும் மணமும் காகிதத் தோரணங்களும்..."

அடித்துவிட்டேன். ஞாயிறு இணைப்பில் விமான விளம்பரத்துக்குப் பக்கத்தில் வரும் கட்டுரை போல இருந்தது.

இரண்டாம் தொடக்கம்: "மழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில், மேலங்கி அணிந்த ஒருவர்..."

ஜூனில் இங்கே மழை கிடையாது. வந்தவர் அரைக்கால் சட்டை போட்டிருந்தார். முழங்காலில் ஒரு பிளாஸ்திரி. வயது ஐம்பத்திரண்டு, வழுக்கை. அவரைப் பற்றி எழுதியவர்கள் இதுவரை யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

சரி, நடந்ததையே எழுதுகிறேன்.

பதினோராம் தேதி மதியம். வெளிநாட்டு விருந்தினர் என்றால் அடையாள அட்டையைப் பார்த்துப் பதிய வேண்டும். அவர் நீட்டியது பிரெஞ்சு அட்டை. பெயர், அர்மான். பிறந்த இடம், லிஸ்பன். அந்த வரியில் என் கண் ஒரு கணம் கூடுதலாக நின்றிருக்க வேண்டும். அதுவரை ஓட்டை ஆங்கிலத்தில் வெந்நீர்க் குழாயைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தவர், என்னைவிட நல்ல போர்த்துகீசியத்தில் பேசினார்.

"படிச்சிட்டியா?"

"பதியணும் சார். எல்லாருக்கும் உள்ளதுதான்."

"பதிஞ்சுக்கோ. ஆனா கீழ யாராவது கேட்டா, பிரான்ஸ்ல இருந்து ஒரு டூரிஸ்ட்டுன்னு மட்டும் சொல்லு. பேரு வேண்டாம்."

"யாரு சார் கேக்கப் போறா?"

அவர் ஜன்னலுக்குப் போய்த் திரையை இரண்டு விரலால் விலக்கினார். சந்துக்கு எதிர்ப்பக்கம், கீழே, மது விற்கும் நத்தேர்சியாவின் வாசல். இங்கிருந்து ஒருவர் இருமினால் அங்கே கேட்கும்.

"அவ கேக்கணும். அதுக்குத்தான் வந்திருக்கேன். என் மூஞ்சியப் பார்த்து, யாருய்யா நீ, உன் பேரு என்னன்னு அவளே கேக்கணும். கேட்டா சொல்லிடுவேன். மிச்சத்தையும் சொல்லிடுவேன்."

"கேக்கலைன்னா?"

"பதினாலாம் தேதி பதினொரு மணிக்குக் காலி பண்ணணும்னு கதவுல ஒட்டியிருக்கீங்களே. காலி பண்ணிட்டுப் போயிடுவேன்."

"நீங்களே போய்ச் சொல்லலாமே."

"இருபத்தேழு வருஷம் ஆச்சு பொண்ணே. அவளுக்கு நான் ஞாபகமாவது இருக்கேனான்னு தெரியாம, நான்தான் வந்திருக்கேன்னு போய் நின்னா நல்லாவா இருக்கும்?"

பெயரைச் சொல்வதில்லை என்று வாக்குக் கொடுத்தேன்.

[அட்டையில் இருந்த பெயர் வேறு. மாற்றிவிட்டேன். முன்பு இந்தச் சந்தில் வாழ்ந்தபோது அவர் பெயர் அர்மிந்து. இனி அப்படியே எழுதுகிறேன். நத்தேர்சியாவின் பெயரை மாற்றவில்லை. அவருக்குத் தமிழ் தெரியாது, தெரிந்தாலும் கதை படிக்கிற ஆள் இல்லை. மொழிபெயர்ப்பு நாவல்களில் எல்லாரும் அவன், அவள்தான். எனக்கு வாய் வரவில்லை. இரண்டு பேருமே என்னைவிட இரண்டு மடங்கு மூத்தவர்கள்.]

3

நத்தேர்சியா தன் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து செர்ரி மது விற்கிறார். சின்ன மேசை, ஒரு பாட்டில், சாக்லேட்டில் செய்த குட்டிக் கிண்ணங்களின் அடுக்கு. சுற்றுலாப் பயணிகள் மதுவைக் குடித்துவிட்டுக் கிண்ணத்தையும் தின்றுவிட்டுப் போவார்கள். சந்துக்காரர்கள் யாரும் அந்தக் கிண்ணத்தைத் தொடமாட்டார்கள். அவர்களுக்கு உள்ளே அலமாரியில் அடி தடித்த சின்னக் கண்ணாடிக் கிளாஸ்கள் இருக்கின்றன. எனக்குக் கண்ணாடிக் கிளாஸ் கிடைக்க நான்கு வருடம் ஆயிற்று. கிடைத்த அன்று அப்பாவுக்கு ஃபோன் செய்து சொன்னேன்.

"மகளே, மேல யாரு வந்திருக்கா?" என்றார் அன்று மாலை. "போன வாரம் ஒருத்தன் படியில பாடிக்கிட்டே ஏறினான். ஃபவுஸ்து வீட்டுப் பூனை இன்னும் வீடு திரும்பல."

"பிரான்ஸ்ல இருந்து ஒரு டூரிஸ்ட், தோனா நத்தேர்சியா."

"தனியாவா?"

"தனியா."

"தனியா வர்றவங்க ரெண்டு கிளாஸ் கூடக் குடிப்பாங்க. நல்லதுதான்."

அவருடைய கல்யாணக் கதை இந்தச் சந்தில் எல்லாருக்கும் மனப்பாடம். அவரே சிரிக்கச் சிரிக்கச் சொல்வார். செலவுக்கு வழியில்லாத ஜோடிகளுக்கு நகரமே கவுன் வாங்கிக் கொடுத்து, விருந்து வைத்து, அந்தோனியார் திருநாளுக்கு முந்தைய நாள் பேராலயத்தில் வரிசையாக நிறுத்திக் கல்யாணம் செய்து வைக்கும். 1998இல் நத்தேர்சியாவும் அர்மிந்துவும் அந்த வரிசைக்குத் தேர்வானார்கள். கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு மாப்பிள்ளையைக் காணவில்லை.

"காத்திருப்புப் பட்டியல்ல அடுத்து இருந்த ஜோடிய ஏத்திட்டாங்க," என்பார் நத்தேர்சியா. "என் கவுனையே இடுப்புல ரெண்டு விரக்கடை பிடிச்சுத் தைச்சு அந்தப் பொண்ணுக்குப் போட்டு விட்டாங்க. டிவியில பார்த்தேன். கவுன் நல்லாத்தான் இருந்தது. அவளுக்குத்தான் தோள் கொஞ்சம் இறக்கம்."

எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். அர்மிந்துவின் அட்டையைப் பார்க்கும் வரை.

4

பன்னிரண்டாம் தேதி மதியம். சந்தின் மூலையில் நத்தேர்சியாவின் அத்தை மகன் ஃபவுஸ்து அடுப்பு மூட்டி மத்தி சுட்டுக்கொண்டிருந்தார். முப்பத்தைந்து வயது. அர்மிந்து ஊரைவிட்டுப் போனபோது பள்ளிக்கூடத்துப் பையன், முகம் நினைவிருக்க வழியில்லை. அர்மிந்து தொப்பியும் கேமராவுமாக இறங்கி வந்தார். மீன் வாங்கினார். கத்தியும் முள்கரண்டியும் கேட்டார்.

இங்கே சுட்ட மத்தியைத் தடித்த ரொட்டித் துண்டின் மேல் வைத்துக் கையால்தான் தின்பார்கள். எண்ணெய் ஊறிய ரொட்டி கடைசியில். அதற்காகத்தான் மீனே.

"மெஸ்யூ ஆபரேஷன் பண்ணப் போறாராம்," என்றார் ஃபவுஸ்து, சந்து முழுக்கக் கேட்கும்படி. "யாராவது மயக்க மருந்து குடுங்கப்பா."

"பாவம்டா, முள்ளு குத்திடும்னு பயம்," என்றார் நத்தேர்சியா ஸ்டூலிலிருந்தே. "மெஸ்யூ, இங்க வாங்க. முள்ளு தொண்டையில நின்னா இதக் குடிங்க, இறங்கிடும்."

அர்மிந்து மத்தியைக் கத்தியால் அறுத்து, ரொட்டியைத் தொடாமல் விட்டார். அல்ஃபாமாவில் பிறந்த ஒருவர் அதைச் செய்ய எவ்வளவு வைராக்கியம் வேண்டும் என்று எனக்குத் தெரியும். குப்பைப் பையோடு வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் மேசைக்கு வந்தார். திருவிழா என்பதால் நத்தேர்சியா மஞ்செரிக்கு என்ற செடியின் தொட்டிகளும் வைத்திருந்தார். உருண்டையாகச் செதுக்கியது போல வளரும், நம் திருநீற்றுப்பச்சிலையின் சின்ன உறவு. திருவிழாவில் காதலிக்கு வாங்கிக் கொடுப்பது.

"ஊர்ல காதலி இருக்காளா மெஸ்யூ? ஒன்னு வாங்கிட்டுப் போங்க."

"நான்... போர்த்துகீஸ்... கொஞ்சம்," என்றார் அர்மிந்து.

"கொஞ்சம் போதும். காதலிக்கு அதுக்கு மேல என்னத்துக்கு?"

ஃபவுஸ்து சிரித்தார். அர்மிந்துவும் புரியாதவர் போலச் சிரித்தார். சிரித்துக்கொண்டே கையை நீட்டி, செடியின் தலையில் உள்ளங்கையை மெதுவாக வைத்து எடுத்து, உள்ளங்கையை மூக்கருகே கொண்டுபோனார்.

இதை விளக்கத்தான் வேண்டும். வெளியூர்க்காரர்கள் எல்லாரும் குனிந்து செடிக்குள் மூக்கை நுழைப்பார்கள். மூக்கு பட்டால் செடி வாடிவிடும் என்பது இந்த ஊர் நம்பிக்கை. இங்கே பிறந்த குழந்தைகூடக் கையால் தொட்டுக் கையைத்தான் முகரும். கத்தி, முள்கரண்டி, தொப்பி, கேமரா எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்தவர், கைக்குச் சொல்லி வைக்க மறந்துவிட்டார்.

நத்தேர்சியா அந்தக் கையைப் பார்த்தார். பிறகு தொப்பிக்குக் கீழே இருந்த முகத்தை. பாட்டிலுக்குப் பக்கத்தில் சாக்லேட் கிண்ணங்கள் அடுக்கியபடியே இருந்தன. அவர் எழுந்து உள்ளே போனார். திரும்பி வந்தபோது கையில் கண்ணாடிக் கிளாஸ் இருந்தது. ஊற்றினார். செர்ரிப் பழம் போடவா வேண்டாமா என்று எல்லாரிடமும் கேட்பவர், இவரிடம் கேட்காமலே இரண்டு பழம் போட்டார்.

"ரெண்டு யூரோ, மெஸ்யூ."

அர்மிந்து குடித்தார், கொடுத்தார், மேலே வந்தார். படியில் என்னிடம் மெல்லக் கேட்டார்.

"பார்த்தியா? எல்லாருக்கும் ஊத்துற மாதிரி ஊத்திட்டா."

1998இல் சாக்லேட் கிண்ணம் இல்லை. எல்லாரும் கண்ணாடியில்தான் குடித்தார்கள். இப்போது கண்ணாடி சந்துக்காரர்களுக்கு மட்டும் என்பது அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

அப்போதே சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்று இந்தப் பத்தியை மூன்று முறை எழுதினேன். ஒவ்வொரு முறையும் எனக்குச் சாதகமாகவே வந்தது. நான்காவது முறை இப்படி எழுதினேன்: எனக்கு அது அழகாக இருந்தது. இன்னும் இரண்டு நாள் இருக்கிறது, இவர்களே ஒருவரையொருவர் வந்து சேர்வார்கள், நான் பார்ப்பேன் என்று ஆசைப்பட்டேன். படித்த புத்தகங்கள் செய்த கேடு.

5

இந்த இடத்தில் எனக்கு அர்மிந்து மேல் சந்தேகம் வந்தது. வாசகருக்கு இவர்மேல் இரக்கம் வர வேண்டுமானால், இவர் ஓடியதற்கு ஒரு காரணம் வேண்டும்.

"அவருக்குத் தீராத நோய் ஒன்று இருப்பதாக அன்று மருத்துவர்..." (வேண்டாம்.)

"நத்தேர்சியாவின் அப்பா அவரைத் தனியே அழைத்து..." (அவர் அப்பா அதற்கு முன்பே இறந்துவிட்டார். ஃபவுஸ்து சொன்னார்.)

பதிமூன்றாம் தேதி காலை துண்டு மாற்றப் போனபோது அவரிடமே கேட்டுவிட்டேன். ஜன்னல் பக்கத்தில் நாற்காலி போட்டு, திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்.

"பெரிய காரணம் எதுவும் இல்ல பொண்ணே," என்றார். "கோட்டுக்கு அளவெடுத்தாங்க. கையைத் தூக்கு, இறக்குன்னாங்க. அந்த டெய்லர், இதே அளவுதான் சாகற வரைக்கும்னு ஒரு ஜோக் அடிச்சான். வெளிய வந்தேன். லியோன் போற பஸ்ல ஒரு சீட் காலியா இருந்தது. ஒரு மாசம் இருந்துட்டு வந்துடலாம்னுதான் ஏறினேன்."

"ஒரு மாசம்."

"ஒரு மாசம் ஆனதும் வெக்கமா இருந்தது. ஒரு வருஷம் ஆனதும் இன்னும் வெக்கமா இருந்தது. அங்கேயே டைல்ஸ் வேலை, அங்கேயே ஒரு கல்யாணம், அதுவும் நிக்கல. வெக்கத்துக்கு மட்டும் வயசே ஆகல."

கீழே நத்தேர்சியா யாரையோ திட்டிச் சிரிக்கும் சத்தம் கேட்டது. அவர் பேச்சை நிறுத்திவிட்டார். சத்தம் அடங்கும் வரை துண்டை மடித்துக்கொண்டே இருந்தார். மடித்து முடித்த துண்டை.

இந்த மனிதர்மேல் கோபப்படுங்கள். எனக்கும் இருக்கிறது. ஆனால் அந்தத் துண்டை நீங்கள் பார்க்கவில்லை.

6

அன்று மாலை ஊர்வலம் வரவிருந்தது. ஜன்னல்களில் நல்ல விரிப்புகளை எடுத்துத் தொங்கவிட்டிருந்தார்கள். நத்தேர்சியாவின் விரிப்பைப் பிடித்துக் கட்ட நான் உதவினேன். முடிச்சுப் போட்டுக்கொண்டே, என்னைப் பார்க்காமல் பேசினார்.

"மேல இருக்கற ஆளு பேரு உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"சொல்லாதே."

நான் விரிப்பின் மறுமுனையை இழுத்துப் பிடித்தேன்.

"கண்ணாடிக் கிளாஸ்ல குடுத்தேன். அதுக்கு மேல நான் என்ன பண்ணணும், மேளம் வெச்சு அழைக்கணுமா? ஓடினவன் அவன். வாயைத் திறக்க வேண்டியவனும் அவன்தான். நான்தான் அர்மிந்துன்னு என் வாசல்ல நின்னு ஒரு தடவ சொல்லட்டும். அப்புறம் பாட்டிலால அடிக்கறதா, உள்ள கூப்பிடறதான்னு நான் பார்த்துக்கறேன்."

"ஒருவேளை அவருக்குப் புரியாம..."

"ஒருவேளைன்னு ஆரம்பிக்காதடி. நீ போய்ச் சொல்லிக்குடுத்தா அது நீ சொன்னது. எனக்கு அவன் சொன்னது வேணும். அந்தோனியார் மேல சத்தியம் பண்ணு."

பண்ணினேன்.

விரிப்பை நீவிவிட்டார். சுருக்கமே இல்லாத இடத்தில் திரும்பவும் நீவினார்.

"இந்த வாசல்ல எதுக்கு ஸ்டூல் போட்டேன்னு நினைக்கிற? ஃபவுஸ்து, வருமானத்துக்குன்னு நினைச்சுக்கிட்டிருக்கான். உலகத்துல இருக்கற டூரிஸ்ட் எல்லாம் இந்தச் சந்து வழியா ஒரு தடவையாவது போறான். என்னைக்காவது அவனும் டூரிஸ்ட்டாத்தான் வருவான். வேற எப்படி வருவான், அவன் வீட்டத்தான் வித்துட்டாங்களே."

பிறகு, குரலை மாற்றி, "நாளைக்கு எத்தனை மணிக்குக் காலி பண்றார்?"

"பதினொன்னு."

"எல்லா ஊர்லயும் பன்னெண்டுன்னு சொல்றாங்க. உங்க முதலாளிக்கு மட்டும் என்ன அவசரம்?"

7

பதினான்காம் தேதி. நான் விரிப்புகளோடு இறங்கிக்கொண்டிருந்தேன். அர்மிந்து எனக்கு முன்னால், வாசலுக்கு மூன்று படி மேலே, பெட்டியோடு நின்றுவிட்டார். கதவு திறந்திருந்தது. வெயிலில் நத்தேர்சியாவின் ஸ்டூல் தெரிந்தது, அவர் செருப்பு தெரிந்தது, அதற்கு மேல் தெரியவில்லை.

"நேத்து சாயங்காலம் நீ அவளோட பேசிக்கிட்டிருந்தே," என்றார். "ஜன்னல்ல பார்த்தேன். என் பேரைக் கேட்டாளா?"

எல்லாம் என் தொண்டையில் நின்றது. இவருக்குக் கொடுத்த வாக்கு, அவருக்குச் செய்த சத்தியம், அந்தக் கிளாஸ்.

"இல்ல," என்றேன். "கேக்கல."

உண்மை. கேட்கவில்லைதான்.

அவர் தலையாட்டினார். எனக்கு நன்றி சொன்னார், பிரெஞ்சில். இறங்கி, அந்த வாசலைக் கடந்தபோது, "பை பை, மெஸ்யூ," என்று நத்தேர்சியா சொன்னது கேட்டது. அவர் தொப்பியைத் தொட்டார். மூலை திரும்பினார்.

பாட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடிக் கிளாஸ் ஏற்கெனவே எடுத்து வைத்திருந்தது. நத்தேர்சியா அதை உள்ளே கொண்டுபோனார். குழாய் ஓடும் சத்தம் வந்தது. குடிக்காத கிளாஸைக் கழுவ அவ்வளவு நேரம் ஆகாது. நான் மேலே போய் ஜன்னலைத் திறந்து, படுக்கையை விரித்தேன். மதியம் ஒரு டென்மார்க் குடும்பம் வரவிருந்தது.

8

அதனால்தான் இந்தக் கதை. இதில் ஏழாம் பகுதியை நான் ஒத்துக்கொள்வதாக இல்லை. அடிக்கிறேன், மாற்றி எழுதுகிறேன். நான்கு மாதமாக இதுதான்.

ஒரு முடிவில், "கேட்டாங்க," என்று பொய் சொல்கிறேன். அர்மிந்து நேராகப் போய்த் தன் பெயரைச் சொல்கிறார். நத்தேர்சியா அவர் தோளுக்கு மேலாக என்னைப் பார்க்கிறார். நத்தேர்சியா காத்திருந்த சொல் வந்துவிட்டது, ஆனால் நான் தள்ளிவிட்டு வந்த சொல். அவர் முகத்தை எழுத எனக்குத் துணிவில்லை.

இன்னொன்றில் கிளாஸைப் பற்றி மட்டும் சொல்கிறேன். "சார், டூரிஸ்ட்டுக்கெல்லாம் சாக்லேட் கிண்ணம். உங்களுக்குத்தான் கண்ணாடி." சத்தியத்தை மீறியதாகுமா, ஆகாதா? அந்தோனியாரிடம் கேட்டேன். அவர் கையில் குழந்தை இயேசுவை வைத்துக்கொண்டு மும்முரமாக இருக்கிறார்.

மூன்றாவதில், எதுவும் சொல்லாமல் வெளியே போய் வாசற்கதவைப் பூட்டிவிடுகிறேன். சாவி என்னிடம்தானே இருக்கிறது. உள்ளேயிருந்து அவர் கத்துகிறார், சந்துக்குள் எல்லாரும் ஓடி வருகிறார்கள், யாரய்யா உள்ளே என்று நத்தேர்சியா கேட்கிறார், அப்போது அவர் —

இதை முடிக்க முடியவில்லை. சிரிப்பாக ஆரம்பித்தது, அந்த இடத்தில் ஒவ்வொரு முறையும் பேனா நின்றுவிடுகிறது.

நான் இருவருக்கும் வாக்குக் கொடுத்தவள். நீங்கள் கொடுக்கவில்லை. அவர்கள் உங்களைப் பார்த்ததுகூட இல்லை. அதனால் ஏழாம் பகுதியை, "என் பேரைக் கேட்டாளா?" என்ற வரிக்குக் கீழே முழுவதும் அடித்துவிட்டேன். அதற்கு மேலே இருப்பது அப்படியே இருக்கிறது. கதவு திறந்திருக்கிறது. ஸ்டூலில் ஆள் இருக்கிறார். பதினொன்று அடிக்க இன்னும் கால் மணி நேரம் இருக்கிறது, அந்த மணியை என்னால் எவ்வளவு நாள் வேண்டுமானாலும் நிறுத்தி வைக்க முடியும்.

அவர் படியில் நின்று உங்களைப் பார்க்கிறார். என்ன சொல்வதென்று உடனே தோன்றாவிட்டால் பரவாயில்லை, யோசியுங்கள். அதுவரை, கை வலிக்கும், அந்தப் பெட்டியைக் கீழே வைக்கவாவது சொல்லுங்கள்.